கவரைப்பேட்டை ஸ்பானிஷ்

அந்த அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் போன் செய்வார். "என் பேர இன்னாத்துக்கு நைனா இழுத்த?" என்று ஆரம்பித்தால் லேசில் வைக்க மாட்டார். அதில் பாதி ஸ்பானிஷில் இருக்கும். எனக்குப் புரியாது. புரியாது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேசுவார். ஆகவே வெறும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். கவரைப்பேட்டையில் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்களில் பாதிப் பேர் யாருக்காவது அக்காதான், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. போனைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே படியேறுகிற அக்கா என்று சொன்னால் மட்டும் கண்டுபிடித்துவிடுவார்கள். அடடா, சொல்லிவிட்டேனே.

நாங்கள் இருவரும் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பூங்காவில் ஒரே கம்பெனியில் இருந்தோம். கார்க் கதவுக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடக்கிற தகடுகளைப் பிரஸ்ஸில் அடித்து எடுக்கும் கம்பெனி. தலைமை ஆலை ஸ்பெயினில், நான் அதுவரை கேள்விப்பட்டிராத ஒரு சின்ன ஊரில் இருந்தது. அக்கா தரச் சோதனைப் பிரிவு. நான் மெயின்டனன்ஸ். மெஷின் நின்றுவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போன பிறகு மெஷினும் நானுமாக இரண்டு பேர் நிற்போம்.

ஸ்பானிஷ் அக்காவிடம் வந்து சேர்ந்தது அட்டைப்பெட்டி வழியாக. அங்கிருந்து உதிரி பாகம் வருகிற பெட்டியின் மேல் அந்த ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கும். ஒருநாள் பஸ்ஸில் அந்தப் பெயரைப் போனில் அடித்துப் பார்த்திருக்கிறார். கோட்டை, கோபுரம், கடற்கரை என்று வந்திருந்தால் நாலு படம் பார்த்துவிட்டு மூடியிருப்பார். வந்ததோ அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்கிற பக்கம். யார் வாசலில் யார் குப்பையை வைத்தது, எந்தத் தெருவில் நாளை தண்ணீர் வராது, யாருடைய பூனையைக் காணோம், எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. அன்று பிடித்த போனை அக்கா அதற்கப்புறம் கீழே வைக்கவில்லை. ஆலைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் மட்டும் லாக்கரில் வைப்பார், அதுவும் தொட்டிலில் குழந்தையைப் போடுகிற மாதிரி.

"நமக்கு இங்கிலீஷே ததிங்கிணத்தோம். இதுல ஸ்பானிஷ எப்படிக்கா படிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அதே ஏ பி சி டி தான நைனா. மேல ஒரு கோடு, ஒரு புள்ளி வெச்சிக்கினு கீறான். கோடு போட்டா பயந்துருவியா?"

ஒவ்வொரு பதிவின் அடியிலும் மொழிபெயர்ப்பு வேண்டுமா என்று போன் பவ்யமாகக் கேட்கும். தட்டினால் தமிழில் வந்துவிடும். அக்கா தட்ட மாட்டார். அகராதி பார்க்க மாட்டார். யாரிடமும் கேட்க மாட்டார். அக்காவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். அர்த்தத்தை யாரும் கையில் கொடுக்கக் கூடாது அவருக்கு.

"தட்டுனா வரும். வந்து? மறுநாளு மறந்துபூடும். அது போனுக்குத் தெரிஞ்ச வார்த்த. எனக்குத் தெரிஞ்ச வார்த்தன்னா நானா மூணு எடத்துல பாத்திருக்கணும்."

முதல் இடத்தில் பார்த்தால் முகம் மட்டும் பழக்கம். இரண்டாவது இடத்தில் சந்தேகம். மூன்றாவது இடத்தில் தீர்ப்பு. தீர்ப்பு வந்துவிட்டால் அப்பீல் கிடையாது.

இந்த முறையில் அக்கா சம்பாதித்த வார்த்தைகளைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். நான் சும்மா இருக்கவில்லை. நானும் ஒரு செயலியைப் போனில் இறக்கி, தினமும் ஒழுங்காக மணியடித்துப் படித்தேன். அது எனக்கு, கரடி பச்சைக் குடை வாங்குகிறது என்று சொல்லிக் கொடுத்தது. என் பெரியப்பாவின் குதிரை வக்கீல் என்று சொல்லிக் கொடுத்தது. ஒரு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால், சர்க்கஸில் வேலை கிடைத்தால் சமாளித்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு ஸ்பானிஷ் எனக்கு வந்திருந்தது. அக்காவோ அதற்குள் அந்த ஊர் நகராட்சியைத் திட்டுவதற்குத் தேவையான எல்லா வார்த்தையும் தெரிந்துவைத்திருந்தார்.

ஆனால் தீர்ப்பு தப்பாகவும் போகும். அந்தப் பக்கத்தில் தினமும் எழுதுகிற ஒரு ரொட்டிக்கடை அம்மா, தான் 'கான்ஸ்டிபாடா'வாக இருப்பதாக ஒருநாள் எழுதியிருந்தார். அடுத்த வாரம் மறுபடியும். மழைக்காலத்தில் மறுபடியும். பஸ்ஸில் ஏறியதும் அக்கா என் காதருகே குனிந்தார்.

"பாவம் நைனா அந்தம்மா. அவங்களுக்கு வயிறே போக மாட்டேன்குது."

"உங்ககிட்ட சொன்னாங்களா?"

"ஊருக்கே சொல்லிக்கினு கீறாங்க! மூணு தபா போட்டுட்டாங்க. வெக்கம் கிக்கம் ஒண்ணும் இல்ல போல."

சில மாதம் அந்த வயிறு எங்கள் இருவருக்கும் கவலையாக இருந்தது. வாழைப்பழம் கிடைக்காத ஊரா என்றுகூட நான் கேட்டேன். அப்புறம் ஒருநாள் அந்தம்மா அதே வார்த்தையைக் கைக்குட்டை, தேன், எலுமிச்சம்பழம் மூன்றும் இருக்கிற படத்தோடு போட்டார். பஸ் சத்தியவேடு ரோட்டில் திரும்புகிறவரை அக்கா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஜலதோஷம் நைனா. மூக்கு தான் அடச்சிக்கினு கீது. வயிறு இல்ல."

"அன்னிக்கே ஒரு தட்டு தட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமேக்கா!"

"தட்டியிருந்தா அவங்களுக்காக இத்தினி நாளு கவலப்பட்டிருப்பனா?"

இந்த மாதிரி பதிலுக்கு என்ன செய்ய முடியும்? ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரலாம். உட்கார்ந்தேன்.

அந்த ரொட்டிக்கடை அம்மாதான் அக்காவின் முழு ஸ்பானிஷும். அந்தம்மா தன் படத்தைப் போட்டதே கிடையாது, அடுப்பிலிருந்து வந்த தட்டைத்தான் போடுவார். அதற்குக் கீழே ஏதாவது எழுதுவார். தன் முட்டி வலி, மாவு விலை, அடுப்புக்கு முன்னால் தூங்கிப்போய் ரொட்டியைக் கரியாக்கிய புருஷன், அதே புருஷன் ராகம் தப்பாகப் பாடுவது, திருவிழாவில் வாத்தியச் சத்தம் தாங்கவில்லை என்பது.

"பெரியபாளையத்துல ஆடி மாசம் கட வெச்சிருக்கவங்க இதே பொலம்பல் தான் பொலம்புவாங்க," என்பார் அக்கா, பெருமையாக, இரண்டு ஊரையும் தானே கட்டிய மாதிரி.

அக்கா முழுதாகப் புரிந்துகொண்ட முதல் வாக்கியம் அந்தம்மாவுடையதுதான். காலியான கண்ணாடி அலமாரி படம் ஒன்று, அதன் கீழே நாலு சின்னச் சின்ன வார்த்தை. அதை எனக்குப் படித்துக் காட்டினார். "ஹோய் நோ ஹே பன்."

"நோ தெரியுது. அலமாரி காலியா கீது. கடசில பி ஏ என், பன். டீக்கட பன்னே தான். 'இன்னிக்கு பன் இல்ல.' இதுக்கு டீச்சர் வேணுமா?"

பன் இல்லை, ரொட்டி. அந்த ஊரில் ஹகரத்தை உச்சரிப்பதும் கிடையாது. ஆனால் அக்கா ஸ்பானிஷைக் காதால் கேட்டதே இல்லை. கண்ணால் பார்த்ததுதான். எழுத்தில் இருக்கிற ஒன்றையும் வீணாக்காமல் அப்படியே வாய்விட்டுப் படிப்பார்.

"நீங்க ஒரு கமெண்ட் போடலாமேக்கா," என்று கேட்டேன்.

"தெரியாதவங்க ஊட்டு வாசல்ல நின்னு எட்டிப் பாக்கறதே தப்பு. இதுல உள்ள பூந்து பேச வேற பேசுவாங்களா? மரியாத வேணாம்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நேர்ல போனா அது வேற. ஒரே ஒரு தபா அந்தக் கடைல போய் நிக்கணும் நைனா. 'பன் கீதா'ன்னு கேக்கணும். அவங்க இல்லன்னு சொன்னாக்கூட போதும்," என்றார்.

சொல்லிவிட்டுப் போனுக்குள் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம்தான் அந்த அறிவிப்பு வந்தது. பிரஸ் பிரிவில் புது லைன் போடுகிறார்கள், தலைமை ஆலைக்கு ஒரு ஆளைச் சில மாதப் பயிற்சிக்கு அனுப்புவார்கள், ஸ்பானிஷ் கொஞ்சம் தெரிந்தவருக்கு முன்னுரிமை. கேன்டீனில் எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தட்டிலிருந்த சாதத்தைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

நானும் பெயர் கொடுத்தேன். கரடிக்குக் குடை வாங்கிக் கொடுக்கிற தகுதி எனக்கும் இருந்ததே.

நேர்காணல் நடந்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். வெளியே பெஞ்சில் அடுத்த ஆளாக நான். உள்ளே ஸ்பெயினிலிருந்து வந்த அம்மையாரும் எங்கள் மேனேஜரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு கேட்காது, முகம் தெரியும். அக்கா பேசப் பேச அந்த அம்மையாரின் புருவம் முதலில் சுருங்கியது, ஹகரங்களுக்காக இருக்கும். அப்புறம் மேலே போனது. அப்புறம் அவர் பேனாவை வைத்துவிட்டுக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கதை கேட்க ஆரம்பித்தார். முடிந்தது, அக்கா போய்விட்டார் ஸ்பெயினுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அம்மையார் சிரித்தபடி ஏதோ சொல்லி ஒரு தாளை எடுக்கத் திரும்பினார். அக்காவின் முகம் விழுந்தது. எழுந்தார், கைகூப்பினார், கதவைத் திறந்தார், என்னைத் தாண்டி நடந்து போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வெளியே வந்தார். "எங்கய்யா அவங்க? எழுத்துத் தேர்வு இருக்கு, தாள் அங்கயே கெடக்குது. பாத்ரூமா?"

கேன்டீனில் கண்டுபிடித்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா இங்க வந்து குந்திக்கினு கீறீங்க?"

"வெளிய போன்னுட்டாங்க நைனா."

"யாரு?"

"அந்த மேடம் தான். சிரிச்சிக்கினே சொல்ட்டாங்க. படிச்சவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. முச்சோ எக்ஸிட்டோவாம். சும்மா எக்ஸிட் இல்ல, ரொம்ப எக்ஸிட். இதுக்கு மேல அங்க நிப்பனா? எனக்கு மானம் இல்ல?"

என் போனில் அந்த வார்த்தையை அடித்தேன். வந்த தமிழைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா! எக்ஸிட்டோன்னா வெற்றி! எழுத்துத் தேர்வு எழுதறதுக்கு முன்ன ஆல் தி பெஸ்ட் சொல்லியிருக்காங்க!"

"போ நைனா. மூணு எடத்துல பாத்தேன். அந்த ஊர்க்காரங்க அவங்க போன படம் புடிச்சிப் போடுவாங்கல்ல, அதுல கரண்டு பில்லு கட்டி முடிச்சா எக்ஸிட்டோ. மெயில் அனுப்பனா, போனப்புறம் எக்ஸிட்டோ. லாக் அவுட் பண்ணா எக்ஸிட்டோ. எல்லாம் முடிச்சி வெளிய வர எடத்துல தான் போட்டு வெக்கிறான். வேற இன்னாவா இருக்கும்?"

வெற்றிகரமாகக் கட்டப்பட்டது, வெற்றிகரமாக அனுப்பப்பட்டது, வெற்றிகரமாக வெளியேறினீர்கள். நம் ஊர்ப் பக்கங்களிலும் இதே வார்த்தையை எங்கே பார்த்திருக்கிறோம்? மூடப்போகிற நேரத்தில்தானே? எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

விஷயம் தெரிந்ததும் அந்த அம்மையார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அக்காவின் தோளைக்கூடத் தட்டினார். சிரிக்காதவர் மேனேஜர்.

"தெரியலன்னா கேக்கணும்மா," என்றார். "அங்க பிரஸ் மேல போர்டு எல்லாம் ஸ்பானிஷ்ல தான் இருக்கும். கைய வெக்காதன்னு எழுதியிருக்கறத, வைன்னு நீங்களா முடிவு பண்ணிட்டா? கை போனப்புறம் மூணு எடத்துல பாத்தேன் சார்னு என்கிட்ட வந்து சொல்லுவீங்களா?"

அக்கா, எழுதாத தாளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான் "சாரி மேடம், ஒன்ஸ் மோர்" என்றேன். திருப்பிக் கேட்டார்கள். மறுபடியும் ஒன்ஸ் மோர். கச்சேரியில்கூட அத்தனை ஒன்ஸ் மோர் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேனேஜர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் அம்மையாரிடம், "இந்தப் பையனுக்கு ஒண்ணுமே தெரியாது மேடம். ஆனா தெரியலன்றது தெரியுது," என்று இங்கிலீஷில் சொன்னார்.

தேர்வானது நான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அது. வீட்டில் சட்டம் போட்டு மாட்ட முடியாத மாதிரி.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்காரவே எனக்குக் கூசியது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அழுதால்கூடச் சமாளிக்கலாம். அக்கா போனைக்கூட எடுக்கவில்லை.

"மேனேஜரு அநியாயம் பண்ட்டாருக்கா," என்றேன்.

"இல்ல நைனா. அவரு சொன்னது கரெக்ட் தான். அதான் பேஜாரா கீது."

கவரைப்பேட்டையில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "அந்தக் கடைக்குப் போவல்ல?" என்று மட்டும் கேட்டார்.

போகிறேன் என்றேன். அப்புறம் விசா, தடுப்பூசி, ஸ்வெட்டர் என்று நாள் ஓடியது. நான் கிளம்புகிற வாரத்தில் அக்காவுக்கு வேறு கவலை. ரொட்டிக்கடை அம்மா எழுதுவதை நிறுத்தியிருந்தார். தட்டு இல்லை, முட்டி இல்லை, புருஷன் இல்லை. "ஜலதோஷம்னாக்கூட எழுதுவாங்களே," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை அந்த ஊரில் இறங்கினேன். ஒன்றும் படிக்கத் தெரியாத ஊரில் எனக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை, காரணம் அந்த ஊர்க்காரர் ஒருவர் கவரைப்பேட்டையில் இருந்தார். கட்டடக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பினால், "நாளைக்குத் தண்ணி வராது, பக்கெட்ல புடிச்சி வெய்யி" என்று பதில் வரும். "அந்த மூலைல மருந்துக் கட வரும் பாரு, அவங்க நாய் கடிக்கும், எதிர் சைடுல போ" என்று வரும். மூலையில் மருந்துக்கடை வந்தது. நாயும் வந்தது. ஸ்பெயினில் இருப்பது நானா அக்காவா என்று எனக்கே சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா சொன்ன வழியில் ரொட்டிக்கடைக்குப் போனேன். கவரைப்பேட்டையில் அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். அக்கா காதோடு போனில் இருந்தார். ஷட்டர் இறக்கியிருந்தது. அதன் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"கட மூடியிருக்குக்கா. பேப்பர் ஒட்டியிருக்காங்க."

"இன்னா போட்டுக்கினு கீது?"

மூன்றே வார்த்தை. மூன்றாவது வார்த்தை எனக்கே புரிந்தது. ஸ்பெயினுக்கு வந்து நானாகப் படித்த முதல் வார்த்தை, சும்மா விடுவேனா?

"அக்கா, பயப்படாதீங்க! ஊட்ல ஏதோ பங்ஷனாம். நல்லா கொட்ட எழுத்துல போட்டிருக்கு, பங்ஷன்னு. பொண்ணுக்குக் கல்யாணம் கில்யாணமா இருக்கும். அதான் எழுதறதுக்கு நேரம் இல்ல."

"பங்ஷன்னா போட்டுக்கினு கீது? எழுத்து எழுத்தா சொல்லு."

"டி, ஈ, எஃப், யு, என், சி, ஐ, ஓ, என். ஸ்பெல்லிங் கொஞ்சம் தப்பு. அவங்க ஊரு ஸ்பெல்லிங்."

அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"அது பங்ஷன் இல்ல நைனா," என்றார் அக்கா. "சாவு. டெய்லரு கட மூடனப்போ இதே பேப்பரு ஒட்டியிருந்தாங்க. பள்ளிக்கூடத்தாண்ட பொட்டிக்கடைலயும். அந்தப் பக்கத்துல படம் போட்டு எல்லாரும் அழுதிருந்தாங்க."

நான் ஷட்டரிலிருந்து ஓரடி தள்ளி நின்றேன். கல்யாணம் என்று அந்தத் தெருவில் அத்தனை சத்தமாகக் கத்தியிருந்தேன்.

"யாருக்கா?"

"பேரு போடலியா?"

"இல்ல."

"அப்ப தெரியல. அவங்களா, அவங்க ஊட்டுக்காரரா."

அந்த நேரத்தில் பக்கத்துச் சின்னக் கதவு திறந்தது. கறுப்பு ஸ்வெட்டர் போட்ட வயதான பெண் ஒருவர் குப்பைப் பையோடு வந்தார். வேறு ஊரிலிருந்து சாவுக்கு வந்த சொந்தமாகவும் இருக்கலாம், யார் கண்டது?

"ஒரு அம்மா வராங்கக்கா. எப்படிக் கண்டுபிடிக்கறது? நீங்க மூஞ்சியே பாத்ததில்லியே."

"நடக்கறத பாரு. முட்டிய புடிச்சிக்கினு நடக்கறாங்களா?"

பார்த்தேன். இடது காலைத் தரையில் வைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கக் கை முட்டிக்குப் போய்த் திரும்பியது.

"ஆமாக்கா."

அக்கா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நிம்மதியாகத் தொடங்கிய மூச்சு, பாதியில் வேறு மாதிரி ஆனது. "அப்போ அவரு தான்," என்றார். "பாடுவாரே. போன அவங்க கைல குடு."

கொடுத்தேன். யாரோ ஒரு கறுப்புப் பையன் திடீரென்று போனை நீட்டினால் நம் ஊரில் போலீஸைக் கூப்பிடுவார்கள். அந்தம்மா என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, வாங்கிக் காதில் வைத்தார். இத்தனை வருடத்தில் அக்கா ஸ்பானிஷில் ஒரு மனுஷியிடம் பேசுவது, நேர்காணலுக்கு அடுத்து, அன்றுதான் இரண்டாவது தடவை. அங்கே முகம் பார்த்துப் பேசினார், இங்கே குரல் மட்டும். துக்கம் விசாரிக்கிற "லோ சைன்டோ"வை அக்கா சொல்வது எனக்கே வெளியே கேட்டது. எல்லா எழுத்தையும் சேர்த்து, ஒன்றையும் விடாமல்.

"கோமோ?" என்றார் அந்தம்மா.

அந்த வார்த்தைக்கு 'என்ன' என்று அர்த்தம். எனக்கு நன்றாகத் தெரியும், அந்த ஊரில் என்னைப் பார்த்து எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அக்கா இன்னும் சத்தமாக, இன்னும் நிதானமாகச் சொன்னார். அந்தம்மா மறுபடியும் கோமோ என்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நான் பேசறது அவங்களுக்குப் புரியல நைனா," என்றார் அக்கா. "அவங்க பேசறதும் எனக்குப் புரியல. இன்னா படிச்சி இன்னா?"

"எழுதுங்கக்கா," என்றேன். "நீங்க எழுதுங்க. நான் காட்டறேன்."

அந்தம்மாவிடம் கையைக் காட்டி, ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்று தமிழில் கெஞ்சினேன். குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். திரையில் அக்கா எழுதுகிறார் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. கடைசியில் ஒரு நீளமான செய்தி வந்து விழுந்தது. தெரியாதவர் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதே தப்பு என்றவர் எழுதியது. போனை நீட்டினேன். அந்தம்மா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நடுவில் ஒரு இடத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டார். மேலே போய் மறுபடி படித்தார். அப்புறம் வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்து, என் போனில் ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். அக்கா பதில் எழுதினார். அந்தம்மா எழுதினார். நான் குப்பைப் பைக்குக் காவலாக நின்றேன்.

போன் திரும்பி வந்தபோது அந்தம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ சொன்னார். தலையாட்டினேன். உள்ளே போய்விட்டார்.

தெரு முனை வரை வந்துதான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா எழுதனீங்க அவ்ளோ நீளமா?"

"அவங்க எழுதனதையே தான் எழுதனேன். அவரு ரொட்டிய கரியாக்கனது, தூங்கனது, பாடனது. அவங்க எழுதனத விட்டா எனக்கு வேற ஸ்பானிஷ் ஏது? படிச்சிக்கினே இருந்தேன்னு சொன்னேன்."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"எப்ப வரன்னு கேக்கறாங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. ஒரு லாரி ஹாரன் நீளமாகப் போனது.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"மனானான்னு போட்டுட்டேன். கட மூடறப்பல்லாம் அவங்க அதத்தான் போடுவாங்க. நாளைக்குன்னு அர்த்தம். டக்குனு அது ஒண்ணு தான் வந்துது நைனா."

நாளைக்குத் திங்கட்கிழமை. அக்காவுக்குக் காலை ஷிஃப்ட்.